நிழலுக்கு என்ன நிறம்?

ஒரு சின்ன சோதனை. கையில் கத்தரிக்கோல் இருந்தால் செய்து பாருங்கள். இல்லாவிட்டால் மனசுக்குள்ளேயே செய்தாலும் போதும்.

சாம்பல் நிற அட்டை ஒன்றை எடுத்து, ஒரே அளவில் இரண்டு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். இன்னொன்றைக் கறுப்புத் துணி மேல் வையுங்கள். வெள்ளை மேல் இருப்பது இருண்டு தெரியும். கறுப்பு மேல் இருப்பது வெளுத்துத் தெரியும். இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் இருண்டது வெளுக்கும், வெளுத்தது இருளும். ஒரே அட்டைதான், நீங்களேதான் வெட்டினீர்கள், எல்லாம் தெரியும். தெரிந்தும் கண் கேட்காது.

ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காண்ட்ராஸ்ட். தமிழில் முரண் என்று சொல்லலாம். ஒரு நிறம் தனியாக எதுவும் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வெளிச்சமாகவோ இருட்டாகவோ தெரிகிறது என்பதுதான் பாடம்.

இதை ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் ஓவியர் இல்லை, ஒரு வேதியியல் விஞ்ஞானி. பெயர் செவ்ரெல். 1824-ல் பாரீஸில் இருந்த கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். வந்தவுடனேயே ஒரு புகார். 'இங்கே போடுகிற கறுப்புச் சாயம் சரியில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் செத்துப் போய்த் தெரிகிறது.' மனிதர் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்துத் தன் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பைக் கெடுத்தது பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்! அதற்கப்புறம் வருஷக்கணக்கில் உழைத்து, 1839-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அதை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார்கள்.

நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதெல்லாம் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் வாசல் தெளிக்கிறபோது என்ன செய்கிறார்கள்? சாணம் கரைத்து, மண்ணை முதலில் இருட்டாக்கிவிட்டு, ஈரம் காயும் முன் வெள்ளை மாவில் இழை இழுக்கிறார்கள். காய்ந்து வெளுத்த மண்ணில் போட்டால் அதே கோலம் பாதி அழகுகூட வராது. புடவைக் கடையில் விவரமான அக்காக்கள், "கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க" என்று சொல்லி, மற்ற சேலைகளிலிருந்து பிரித்து வாசலுக்கு எடுத்துப் போகிறார்களே, அவர்கள் செவ்ரெலின் சொந்தக்காரிகள்.

சரி, இதில் தத்துவம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடி. சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். மலையில் செட்டிப்புடவு என்ற குகையில் மகாவீரர் சிலை ஒன்று பெரிதாக அமர்ந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைச் செட்டியார் என்று சொல்லிவந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். படியேறி மேலே போனால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்து. எல்லாம் ஆயிரத்து நூறு வருஷத்துப் பழசு.

இந்தச் சிலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். சிலைக்கும் பாறைக்கும் ஒரே நிறம். மூக்குக்குத் தனி நிறம் கிடையாது, உதட்டுக்குக் கிடையாது. அப்புறம் எப்படி மூக்கும் உதடும் தெரிகிறது? மூக்குக்குப் பக்கத்தில் விழுகிற நிழலால். உச்சி வெயில் நேராக அடித்தால் புடைப்புச் சிற்பம் பாறையோடு பாறையாகக் கரைந்துவிடும். வெயில் சாய்ந்து வரும்போது கண் இமை வரை எழுந்து வரும். அந்தச் சிற்பி உளியால் செதுக்கியது பாதிதான், மீதியை நிழல் செதுக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

கல்வெட்டுக்கும் இதே கதைதான். தேய்ந்துபோன எழுத்தை வெறும் கண்ணால் படிக்க முடியாதபோது ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பார்கள். கல்லைச் சுத்தம் செய்து, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கிவிட்டு, மேலே மை ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுப்பாகிவிடும். பள்ளத்தில் இருக்கிற எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். சுற்றிலும் கறுத்தால்தான் எழுத்து வாய் திறக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஆலமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். யாரும் தொழில்முறை ஓவியர் இல்லை. வங்கி ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், மெடிக்கல் ரெப் ஒருவர், இரண்டு கல்லூரிப் பையன்கள். வாரம் முழுக்க வேறு வேலை, ஒருநாள் இந்த வேலை. அவர்களுக்கு ஒரு ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். அன்றைக்கு அவர் போட்ட விதி: மூணே மூணு ஷேடு. தாளின் வெள்ளை, கரித்துண்டின் கறுப்பு, நடுவில் ஒரு சாம்பல். இந்த மூன்றை வைத்து மலையைக் கொண்டுவர வேண்டும்.

"கண்ணைச் சுருக்கிப் பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனார். கண்ணைச் சுருக்கினால் இலை, கிளை, விரிசல் எல்லாம் மறைந்து வெளிச்சம், நிழல் இரண்டு மட்டும் மிஞ்சும். வரைகிறவர்களின் பழைய தந்திரம்.

முடித்ததும் எல்லாப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். அப்போதுதான் விஷயம் நடந்தது. டீச்சரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"சார், இதை அது பக்கத்துல வைக்காதீங்க. இப்ப வரைக்கும் நல்லா வந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அந்தத் தம்பி படத்துக்கிட்ட வச்சதும் என்னோடது வெளுத்துப் போச்சு."

மாஸ்டர் குனிந்து இரண்டு படத்தையும் பார்த்தார். "உங்களது அப்படியேதாம்மா இருக்கு. தம்பி கரியை அழுத்தித் தேச்சிருக்காப்ல, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு டீச்சரின் படத்தை மட்டும் எடுத்துப் போய் மரத்தில் சாத்திவைத்தார். "இப்ப பாருங்க."

மெல்லிய சாம்பலில், காலைப் பனி விலகாத மலை. அழகாகத்தான் இருந்தது. பத்தடி தூரம் நகர்த்தியதில் ஒரு படம் பிழைத்துக்கொண்டது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பார்ப்பதற்கு முரண் வேண்டும், சரி. மதிப்பதற்கும் வேண்டுமா?

'வேறென்ன வழி?' என்று நீங்கள் கேட்கலாம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கெட்டவன் இருப்பதால்தான் நல்லவன் தெரிகிறான். நோய் வந்தால்தான் ஆரோக்கியம் புரிகிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் அதே பேச்சு வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது பாருங்கள். "அண்ணன் எப்படிப் படிக்கிறான், நீயும் இருக்கியே." "பெரியவ நல்ல கலர், சின்னவ கொஞ்சம் மட்டு." "அவர் வீட்டுக்காரர் எவ்வளவு பொறுப்பு தெரியுமா!" இந்த வாக்கியங்களில் யாரோ ஒருவர் வெளிச்சமாகத் தெரிய, இன்னொருவர் சாணம் தெளித்த வாசலாக ஆக்கப்படுகிறார். அதே சின்னவள் வேறொரு குடும்பத்தில் பிறந்திருந்தால் அவள்தான் 'நல்ல கலர்'. அவள் மேல் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர்தான் மாறியிருக்கிறார்.

இதில் வேதனை என்னவென்றால், கறுப்புத் துணிக்கு வலிக்காது, அந்தப் பிள்ளைக்கு வலிக்கும்.

குடும்பத்தில் நடப்பது சரித்திரத்திலும் நடக்கிறது. அதற்கும் இந்த மலையே சாட்சி. ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் திருஞானசம்பந்தர் சமணர்களை வாதில் வென்றார், தோற்ற எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரிவாகப் பாடினார். அப்படி ஒரு கழுவேற்றம் உண்மையில் நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்தக் கதையை மட்டும் கேட்டு வளர்ந்தால், சமணர் என்றதும் மனசில் வருவது ஒரு கறுப்புத் திட்டு. வெளிச்சம் ஓரிடத்தில் விழுவதற்காக இருட்டடிக்கப்பட்ட கூட்டம். முகம் கிடையாது, பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்.

ஆனால் கீழக்குயில்குடிக்கு ஒருமுறை போய்வந்தால் கதை கலைந்துவிடும். அங்கே இருக்கிற சிற்பங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது, அந்த வாதம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இருநூறு வருஷத்துக்கும் பிறகு, மதுரைக்கு மிக அருகிலேயே, சமணத் துறவிகள் பள்ளி நடத்தியிருக்கிறார்கள், மாணவர்களைப் படிக்க வைத்திருக்கிறார்கள். பராந்தக வீரநாராயணன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில் அந்த மலை மேலேயே மாதேவிப் பெரும்பள்ளி என்று ஒரு பள்ளி இருந்திருக்கிறது. அதன் அடித்தளத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அழிந்தே போனார்கள் என்று நாம் நினைத்தவர்கள், அரசன் ஆதரவோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிற்பத்தின் கீழே, இதைச் செய்வித்தவர் அச்சணந்தி என்பவரின் தாய் குணமதியார் என்று கல்வெட்டு சொல்கிறது. அச்சணந்தி பெரிய துறவி. அவர் பெயர் வேறு பல மலைகளிலும் இருக்கிறது. ஆனால் என் மனசில் நின்றது அந்தத் தாய்தான். மகன் வீட்டை விட்டுத் துறவியாகப் போய்விட்டான். அம்மா தன் பெயரையும் மகன் பெயரையும் ஒரே வரியில் பாறையில் வெட்டி வைத்துவிட்டாள். எந்த மதத்து அம்மாவாக இருந்தால் என்ன, நமக்குப் புரியாத மனசா இது? கறுப்புத் திட்டு என்று நினைத்த இடத்தில் ஒரு அம்மா நிற்கிறாள்.

ஓவியத்தில் இதற்கு நேரான ஒரு பாடம் உண்டு. புதிதாக வர்ணம் தீட்டுகிறவர்கள் எல்லாரும் நிழல் என்றால் கறுப்பு டியூபைப் பிதுக்குவார்கள். மலைக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்த மாதிரி படம் கெட்டுப்போகும். அன்றைக்கு மாஸ்டர் அந்தக் கல்லூரிப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். "தம்பி, நிழலுக்குள்ள கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இரு. என்ன கலர் தெரியுது?"

பையன் நின்றான். முதலில் "கறுப்பு" என்றான். அப்புறம், "நீலமா இருக்கு சார்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கீழ்ப்பக்கம் செம்மண் கலர் தெரியுது."

சரியாகத்தான் சொன்னான். வெட்டவெளியில் நிழல் என்பது நேரடி வெயில் மட்டும் மறிக்கப்பட்ட இடம். நீல வானத்தின் வெளிச்சம் அதற்குள் விழுந்துகொண்டுதான் இருக்கும். கீழே வெயில் பட்ட செம்மண்ணிலிருந்து தெறிக்கிற வெளிச்சமும் அடியில் ஏறும். பகலில் முழுக் கறுப்பு நிழல் என்று எதுவுமே கிடையாது. அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது கறுப்பு.

வட ஆப்பிரிக்காவில் ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் அகஸ்டின் என்று ஒரு கிறிஸ்தவ ஞானி இருந்தார். உலகத்தில் தீமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் ஓவியத்தைத்தான் உதாரணம் சொன்னார். ஒரு படத்தில் கறுப்பு சரியான இடத்தில் இருந்தால் அழகுதானே, அதுபோலப் பாவிகளும் சேர்ந்ததால்தான் இந்தப் படைப்பு முழுமையாக அழகாக இருக்கிறது என்பது அவர் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். படத்தை எட்ட நின்று பார்க்கிறவர் சொல்கிற பேச்சு அது. படத்துக்குள் கறுப்பாக இருக்கிறவரை யாராவது கேட்டார்களா?

துன்பப்பட்ட மனிதர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாரும் அகஸ்டின் ஆகிவிடுகிறோம். மதுரையில் 1936-ல் பிறந்த மனோகர் தேவதாஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில், பேட்டரி செய்யும் நிறுவனத்தில் வேதியியலாளர். ஓவியம், ஆசைக்கு. மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் கறுப்பு மையில், மெல்லிய பேனாவால் வரைந்தார். அவருக்கு விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற ஒரு நோய். பார்வை குழாய்க்குள் பார்ப்பதுபோலச் சுருங்கிக்கொண்டே வந்தது. மனைவி மஹிமா 1972-ல் ஒரு கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். 2008-ல் அவர் மறையும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டார் மனோகர். இதற்கிடையில் வரைந்துகொண்டே இருந்தார். வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு வந்த பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்தார்கள். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார்.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் எப்படி முடிப்பார்கள்? 'அவ்வளவு இருட்டு இருந்ததால்தான் அவ்வளவு வெளிச்சம்!' கைதட்டல் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தம்மாவின் முப்பத்தைந்து வருஷப் படுக்கை நம் கைதட்டலுக்குப் பின்திரை இல்லை. அது அவருடைய வாழ்க்கை. அதற்குள் சிரிப்பும் கோபமும் புத்தகமும் விருந்தாளிகளும் இருந்திருக்கும். நம்மால் முடிந்தது, எட்ட நின்று தத்துவம் பேசாமல், கிட்டப் போய்ப் பார்ப்பது.

அவருடைய கோட்டோவியங்களையே கிட்டப் போய்ப் பாருங்கள். எட்ட இருந்து கறுப்பு என்று தோன்றுகிற இடம், கிட்டத்தில் எத்தனையோ மெல்லிய கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் தாளின் வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பார்வை மங்கிக்கொண்டே வந்த ஒரு மனிதர் ஒரு கோபுரத்தின் நிழலுக்கு இத்தனை பொறுமை காட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் குறையைச் சொல்லும்போது நாமோ ஒரே இழுப்பில் மையைக் கவிழ்த்துவிடுகிறோம்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒரு வேலைக்குப் பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும்? ஆக வேண்டும்தான். அந்த மலையில் வாழ்ந்த சமணர்களிடமே இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அநேகாந்தவாதம் என்பார்கள். எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு, ஆகவே எதைச் சொன்னாலும் 'ஒரு விதத்தில்' என்று சேர்த்துச் சொல் என்பது அதன் சாரம். அந்தச் சாம்பல் சதுரம் இருட்டா? ஒரு விதத்தில், வெள்ளைத் தாள் மேல். வெளிச்சமா? ஒரு விதத்தில், கறுப்புத் துணி மேல். பொய்யும் இல்லை, மழுப்பலும் இல்லை. 'இவன் மட்டு' என்பதற்கும் 'இந்த வேலைக்கு, இந்தப் பத்துப் பேரில், இவன் இப்போது பின்னால் இருக்கிறான்' என்பதற்கும் நடுவில் ஒரு மனிதனின் மானம் இருக்கிறது.

ஓவியர்களிடமும் ஒரு கருவி உண்டு. காசு பணம் தேவையில்லை. ஒரு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்ப்பார்கள். சுற்றியிருப்பதை எல்லாம் அட்டை மறைத்துவிடும். அந்த ஒரு இடம் மட்டும், பக்கத்துணை இல்லாமல் தெரியும். முதலில் வெட்டினீர்களே, அந்த இரண்டு சதுரங்களையும் இப்படி ஓட்டை வழியாகப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம் என்று அப்போதுதான் கண் ஒப்புக்கொள்ளும்.

பிள்ளையின் பிராக்ரஸ் ரிப்போர்ட் கைக்கு வரும். அண்ணன் மார்க்கு, எதிர்வீட்டுப் பெண் மார்க்கு எல்லாம் தன்னால் ஞாபகம் வரும். ஐந்தே நிமிடம் அந்த ஓட்டை அட்டையைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளை போன தடவை எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான், எந்தப் பாடத்தில் அவனுக்குக் கண் மின்னுகிறது என்று அவனை மட்டும் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள்.

திட்ட மனசு வராது என்பது என் கணக்கு.